குழந்தை கேட்கும் கேள்விக்கு ஒரு புத்தகம்

கொச்சி என்னும் பெயரை மிளகோடும் சுக்கோடும் மட்டுமன்றி ஒரு வியாதியோடும் சேர்த்து உலகம் உச்சரித்த காலம் ஒன்று இருந்தது. யானைக்கால் நோய்க்குக் 'கொச்சிக் கால்' என்றே ஐரோப்பியர் பெயர் வைத்திருந்தனர். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்து, 1596-ல் தம் பிரயாண நூலை வெளியிட்ட லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், வீங்கிய காலோடு நடமாடியவர்களைப் பற்றி எழுதும்போது, புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்தார் இவர்கள் என்றும், அந்தப் பாவத்தின் சாபமே காலில் இறங்கியிருக்கிறது என்றும் வழங்கிய கதையையும் சேர்த்தே எழுதிவைத்தார். அதற்கு நூறாண்டுக்குப் பின், 1694-ல், லெய்டன் சர்வகலாசாலையில் தம் வைத்திய ஆராய்ச்சியைச் சமர்ப்பித்த எங்கல்பெர்ட் கெம்ப்பர், மலையாளக் கரையில் தாம் அறிந்த 'பெருங்கால்' நோயை ஒரு வைத்தியனின் கண்கொண்டு வர்ணித்தார். 1872-ல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் அந்நோய்க்குரிய நுண்புழுவைக் கண்டார். 1877-ல் சீனத்து அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், அப்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். சாபக் கதை அன்றோடு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால், கொசுவைப் பற்றிய அறிவு வைத்தியரின் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்ததே ஒழிய, குழந்தையின் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. ஆகையால், கல்வத்திக் கால்வாயும் ராமேஸ்வரம் கால்வாயும் தேங்கிக் கிடக்கும் மேற்குக் கொச்சியிலே, கால் வீங்கிய கிழவரைக் கண்ட குழந்தைக்கு, 'முன்வினை' என்ற ஒற்றைச் சொல்லே தலைமுறை தலைமுறையாக விடையாக வழங்கிவந்தது.

மட்டாஞ்சேரி, கோட்டைக்கொச்சி வட்டாரத்துப் பள்ளிக்கூட நூலகங்களிலும் வாசகசாலைகளிலும் ஆண்டுதோறும் வாங்கப்படும் குழந்தைப் புத்தகங்களில் ஒரு பகுதி, ஊனத்தையும் நோயையும் மனிதருக்குள் இயற்கையாக அமைந்த வேறுபாடுகளையும் குழந்தைகளுக்கு விளங்கச் செய்யும் புத்தகங்களாகக் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். தர்ம சிந்தனையுள்ள யாராவது நன்கொடை கொடுத்தால் வாங்கலாம் என்று ஒத்திப்போடத்தக்க விஷயமாக இதை நாம் கருதவில்லை.

பஜார் ரோட்டில் மசாலாக் கிடங்குகளின் வாசற்படியில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்குக் கீழே தோல் தடித்து, மடிப்பு விழுந்து, கணுக்கால் எது பாதம் எது என்று தெரியாதபடி வீங்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஐந்து வயதுப் பெண், "அம்மா, அந்தத் தாத்தா கால் ஏன் அப்படி இருக்கு?" என்று உரக்கக் கேட்கிறாள். தாய் வெட்கத்தினால் முகம் சிவந்து, "சும்மா வா, அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது" என்று பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறாள். அந்தக் குழந்தை கேட்டதில் குற்றம் என்ன இருக்கிறது? நிலவு ஏன் தேய்கிறது, படகு ஏன் மிதக்கிறது என்று கேட்கிற அதே வாயும் அதே ஆவலும்தான் இதையும் கேட்டன. ஆனால், மற்றக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லும் அம்மா இதற்கு மட்டும் பயப்படுகிறாள் என்பதை அந்தக் கணத்தில் குழந்தை கற்றுக்கொண்டுவிடுகிறது. கேட்கக் கூடாதது, பார்க்கக் கூடாதது, எனவே ஏதோ அருவருப்பானது என்று அதன் உள்ளத்தில் பதிகிறது. பிற்காலத்தில் வகுப்பறையில் திக்கிப் பேசும் பையனைப் பழித்துக் காட்டிச் சிரிக்கிற கூட்டத்தில் அந்தக் குழந்தையும் நிற்குமானால், அதன் வித்து விழுந்த இடம் அதுவே. குழந்தைகள் இயல்பில் குரூரமானவர்கள் என்று சிலர் சொல்வதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பெரியவர்களின் மழுப்பலே குழந்தைகளின் குரூரமாக முளைக்கிறது.

வீதியில் ஒரு மனிதரை உற்றுப் பார்ப்பது அவரை நோகச் செய்யும்; புத்தகத்தில் உள்ள படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் யாருக்கும் நோவதில்லை. விரலை வைத்துத் தடவிப் பார்க்கலாம். பத்துத் தடவை 'ஏன்' என்று கேட்கலாம். பக்கத்தைத் திருப்பி மீண்டும் முதலிலிருந்து வரலாம். குழந்தையின் ஆவல் தீருமட்டும் பார்க்கவும் கேட்கவும் இடம் கொடுக்கிற சாதனம் புத்தகத்தைப் போல் வேறொன்று இல்லை.

இதற்கெல்லாம் மேல்நாட்டுப் புத்தகங்களை நோக்கிக் கையேந்த வேண்டுமோ என்று ஐயுறுவோருக்கு, நம் முன்னோர் வைத்துச் சென்ற கதைகளையே முதலில் காட்ட விரும்புகிறோம். போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்து, 1663-க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் பெற்ற மட்டாஞ்சேரி அரண்மனையில், அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் சித்திரமாக விரிந்து கிடக்கிறது. பள்ளிக் குழந்தைகளை வரிசையாக அழைத்துவந்து அச்சுவர்களின் முன் நிறுத்தி ஆசிரியர்கள் கதை சொல்கிறார்கள். கூனியின் கட்டம் வந்ததும், முதுகு வளைந்தவள், ஆகவே மனமும் வளைந்தவள் என்ற கருத்துப்படச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கம்பர் அப்படிக் கடந்துபோகவில்லை. ராமன் சிறுவனாயிருந்த காலத்தில் உண்டைவில்லால் அவள் கூனின்மேல் மண்ணுருண்டையை அடித்து விளையாடியதையும், அந்த நோவை அவள் நெஞ்சில் வைத்திருந்ததையும் அவர் மறைக்காமல் சொல்கிறார். ஆழ்வார் பாசுரத்திலும் அந்தச் செய்தி இருக்கிறது; வால்மீகியில் இல்லாத இந்தக் காரணத்தைத் தமிழ் மரபுதான் பேணி வைத்திருக்கிறது. அவதார புருஷனே ஆனாலும், பிறர் ஊனத்தை விளையாட்டுப் பொருளாக்கினால் அது ஓர் அயோத்தியையே அழ வைக்கும் என்பதைப் பத்து வயதுப் பையனுக்கு இதைக் காட்டிலும் தெளிவாக எந்த நீதி போதனையும் விளக்கிவிடாது. கூனியின் கதையை நீக்கிவிட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம்.

மலையாள நாட்டிலும் அத்தகைய கதை ஒன்று உண்டு. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ஐதிஹ்யமாலையில் வரும் நாறாணத்துப் பிராந்தன், கல்லை மலைமேல் உருட்டிச் சென்று உச்சியிலிருந்து கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தவன். அவனுடைய காலில் மந்து, அதாவது யானைக்கால் நோய், இருந்தது. சுடுகாட்டில் பத்ரகாளி தோன்றி வரம் கேட்கச் சொன்னபோது, ஆயுளை ஒரு நாள் கூட்டவோ குறைக்கவோ அவளால் இயலாது என்றறிந்து, ஒரு காலிலுள்ள மந்தை மறு காலுக்கு மாற்றிவிடு என்று கேட்டான். கொச்சியில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை இல்லை. அந்தச் சிரிப்பு நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பல்ல. அவனோடு சேர்ந்து தெய்வத்தின் இயலாமையைப் பார்த்துச் சிரிப்பது. வீங்கிய காலோடு ஒருவன் ஞானியாக இருக்கலாம், அந்தக் கால் குணமாகாமலே கதை முடியலாம் என்று சொன்ன இந்தப் பழங்கதையின் தைரியம், இன்று அச்சாகும் பல குழந்தைப் புத்தகங்களில் இல்லை.

அந்தப் பல புத்தகங்களைப் பற்றியும் நம் மனத்தில் பட்டதைச் சொல்லியாக வேண்டும். ஊனமுற்ற குழந்தையை அழுது கண்ணீர் வடிப்பதற்காகவே கதைக்குள் கொண்டுவரும் ரகம் ஒன்று. தெய்வ கிருபையாலோ டாக்டரின் திறமையாலோ கடைசிப் பக்கத்தில் ஊனம் நீங்கிவிடும் ரகம் மற்றொன்று. இவற்றைவிட மேலானதென்று கொண்டாடப்படும் மூன்றாவது ரகமே அதிகக் கெடுதல் செய்கிறது என்பது நம் கருத்து: ஊனத்தை வென்று மலையேறியவர், பதக்கம் பெற்றவர், உலகப் புகழ் அடைந்தவர் ஆகியோரின் சரித்திரங்களையே திரும்பத் திரும்ப அடுக்குவது. ஹெலன் கெல்லரின் ஜீவிய சரித்திரம் மகத்தானது. அதைப் படிக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், அதை மட்டுமே படித்த குழந்தை, பக்கத்துப் பெஞ்சில் காது கேளாமல் உட்கார்ந்திருக்கும் சாதாரணப் பெண்ணை என்ன செய்வது என்று அறியாமல் விழிக்கிறது. அவள் எந்தச் சிகரத்திலும் ஏறப் போவதில்லை. கணக்கில் நாற்பது மார்க்கு வாங்குகிறாள். இடைவேளையில் விளையாடக் கூப்பிட்டால் போதும் என்று காத்திருக்கிறாள். மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்று அவளிடம் சொல்வது என்ன நியாயம்?

நல்ல புத்தகம் எப்படி இருக்கும் என்பதற்கு, டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் ஜப்பானிய மொழியில் எழுதி வெளியிட்ட 'டோட்டோ-சான்' ஓர் உத்தமமான எடுத்துக்காட்டு. தமிழிலும் மலையாளத்திலும் அது வந்திருப்பது நம் பாக்கியம். டோமோயி என்ற சிறிய பள்ளிக்கூடத்தில், இளம்பிள்ளை வாதத்தால் கைகால் சூம்பிய யசுவாகி என்ற பையனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள் டோட்டோ-சான். பெற்றோருக்குத் தெரியாமல், காவற்காரரின் கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்துவந்து, வியர்க்க விறுவிறுக்க அவனைக் கிளைக்கு ஏற்றிவிடுகிறாள். அவள் அவனுக்கு உபகாரம் செய்வதாக எண்ணவே இல்லை. தன் மரத்தைச் சிநேகிதனுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அவளுக்கு. அதே பள்ளியில் வளர்ச்சி நின்றுபோன குட்டையான உடல் கொண்ட தகாஹாஷி என்ற பையன் இருக்கிறான். விளையாட்டு விழா வருகிறது. தலைமையாசிரியர் கோபயாஷி, துணியால் செய்த மீனின் வாய்க்குள் நுழைந்து வால் வழியாக வெளிவரும் பந்தயம் போன்றவற்றை ஏற்படுத்துகிறார். மற்றவர்கள் திணற, தகாஹாஷி புகுந்து புறப்பட்டு ஒவ்வொரு பரிசையும் தட்டிக்கொண்டு போகிறான். பரிசுகள் முள்ளங்கியும் கீரையும் போன்ற காய்கறிகள். பந்தயங்கள் தகாஹாஷிக்காகவே அமைக்கப்பட்டவை என்று தலைமையாசிரியர் ஒருவரிடமும் சொல்லவில்லை. உபதேசம் ஒரு வரிகூட இல்லாத இந்த அத்தியாயத்தை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் பாடமாக வைக்கலாம்.

நம் பக்கத்திலேயே, 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம், இவ்வகையில் பாராட்டத்தக்க பணி செய்துவருகிறது. ஜாய் விட்டேகர் எழுதிய 'கண்ணா பன்னா'வில், குகையைப் பார்க்கப் போன குடும்பம், விளக்கு அணைந்து இருட்டில் தவிக்கும்போது, எப்போதும் இருட்டிலேயே வழி கண்டு பழகிய கண்ணா எல்லோரையும் வெளியே அழைத்துவருகிறான். இன்னொரு படப் புத்தகத்தில், சக்கர நாற்காலியில் போகும் குறும்புக்காரச் சிறுமி தோழியின் காணாமற்போன பூனையைத் தேடிக் கிளம்புகிறாள். நாற்காலி படத்தில் இருக்கிறது, கதை பூனையைப் பற்றியது. இந்தப் பதிப்பகம் தமிழ், மலையாளம், ஹிந்தி, குஜராத்தி உள்ளிட்ட பல மொழிகளில் புத்தகங்களை வெளியிடுவது மட்டாஞ்சேரிக்கு விசேஷமாகப் பிரயோஜனப்படும். மலையாளிகளோடு குஜராத்திகளும் கொங்கணிகளும் கச்சி மேமன்களும், தோபிகானாவில் துணி வெளுத்துத் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ் வண்ணார் குடும்பங்களும் நாலு வீதிக்குள் அடங்கியிருக்கும் ஊர் இது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைக்கு, நோயைப் பற்றியும் ஊனத்தைப் பற்றியும் முதல் சொற்கள் வீட்டு மொழியிலேயே கிடைக்க வேண்டும். பயமும் அவமானமும் அந்த மொழியில்தானே முதலில் வந்து சேர்கின்றன?

மனநோயைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசவே கூடாது என்பவர்களுக்கு, ஒரு காலத்தில் எர்ணாகுளத்தில் புத்தகக் கடை வைத்து நடத்திய வைக்கம் முகம்மது பஷீரை நினைவூட்டுகிறோம். 'பாத்துமாவின் ஆடு' என்ற கதையைத் தாம் 1954-ல் சித்தப் பிரமைக்குச் சிகிச்சை பெற்றுவந்த நாட்களில் எழுதியதாக, அதன் முன்னுரையிலேயே அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். மலையாளக் குழந்தைகள் பல தலைமுறையாக அந்த ஆட்டைப் படித்துச் சிரித்து வளர்ந்திருக்கிறார்கள். அதனால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்ற ஆட்சேபத்துக்கு இன்னொரு சமாதானமும் உண்டு. பிள்ளைப் பருவத்திலேயே இன்சுலின் ஊசி தேவைப்படும் நீரிழிவு கண்ட குழந்தைகளுக்காகக் கேரள அரசு 'மிட்டாயி' என்ற திட்டத்தை நடத்துகிறது. மருந்தும் உபகரணமும் ஆலோசனையும் கிடைக்கின்றன. இது போற்றத்தக்கது. ஆனால், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன், அந்தக் குழந்தை விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசி போட்டுக்கொள்ள ஒதுக்குப்புறத்தைத் தேட வேண்டியிருந்தால், பக்கத்தில் இருக்கும் நாற்பது குழந்தைகளுக்கு எவரும் எதையும் விளக்கவில்லை என்றுதான் பொருள். அரசு இன்சுலின் கொடுக்கலாம், 'தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா?' என்று கேட்கிற தோழிக்கு விடை கொடுக்கப் புத்தகம்தான் வேண்டும். பயம் விளைவது விளக்கத்தினால் அன்று.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே அங்கீகரித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா முதலியவற்றையும் சேர்த்து 21 வகைகளை அங்கீகரித்ததோடு, 39-ஆம் பிரிவில் பள்ளி மட்டத்திலேயே விழிப்பூட்ட வேண்டிய கடமையை அரசின்மேல் சுமத்தியது. ஒரு நாள் ஊர்வலத்தாலும் சுவரொட்டியாலும் இக்கடமை நிறைவேறிவிடாது. 1990-ல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கியது எர்ணாகுளம். நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிற ராஜ்யம் இது. ஆகவே, செய்வதற்கு ஆளும் இடமும் இல்லை என்று இங்கே யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

வருகிற வாசிப்பு நாளுக்குள், கொச்சி மாநகராட்சியும் கல்வி இலாகாவும் வாசகசாலைகளும் கலந்து, இந்த வட்டாரத்து ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இத்தகைய புத்தகங்களின் ஒரு தொகுதியை மலையாளத்திலும் தமிழிலும், கிடைக்குமிடத்தில் குஜராத்தியிலும் வாங்கித்தர வேண்டும். எவற்றை வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவில் ஊனமுற்றவர்களும் அத்தகைய குழந்தைகளின் பெற்றோரும் பாதிப் பேராவது இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இனிப்பாகப் படுகிற புத்தகம் அவர்களுக்கு எப்படிக் கசக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள். வாரத்தில் ஒரு பாடவேளை ஆசிரியர் உரக்கப் படித்துக் காட்டி, குழந்தைகள் கேட்கிற கேள்வி எதுவானாலும் கேட்க விட வேண்டும். இறுதியில் பரீட்சை வைக்கக் கூடாது. மேலும், கண் தெரியாத குழந்தையைப் பற்றிய புத்தகத்தைக் கண் தெரியாத குழந்தை படிக்க முடியாமலிருப்பது பெருங்குறை. பார்வையற்றோர்க்கான பிரதிகளுக்கு வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. பதிப்புரிமைச் சட்டமும் 2012-லேயே திருத்தப்பட்டுவிட்டது. பிரெய்ல் பிரதியும் ஒலிப் பிரதியும் அச்சுப் பிரதியோடு கூடவே அதே அலமாரிக்கு வந்து சேர வேண்டும். அதற்கான தொகையை வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்கும்படி மாநகராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.