ஒற்றர்கள் எழுதிவைத்த வரலாறு

மக்கள் உரிமைப் போராட்டங்களின் ஆவணங்கள் என்றதும் போராடியவர்களின் துண்டறிக்கைகளும் தீர்மானங்களும் கடிதங்களுமே நினைவுக்கு வருகின்றன; ஆனால் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம் குறித்த மாபெரும் ஆவணத் தொகுதி ஒன்றை உண்டாக்கியவர்கள், அதை ஒடுக்குவதற்கென்றே அமர்த்தப்பட்ட அரசு ஊழியர்கள். பள்ளிகளில் நிறத்தின் பேரால் மாணவரைப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் அந்தப் பிரிவினையைக் காப்பதற்காக 1956இல் சட்டமன்றமே நிறுவிய ‘மாநில இறையாண்மை ஆணையம்’, புலனாய்வாளர்களையும் கூலிக்கு உளவு சொல்வோரையும் கொண்டு 87,000 பேரின் பெயர்கள் இடம்பெறும் கோப்புகளைச் சேர்த்தது.

அந்தக் கோப்புகளில் பெயர் இடம்பெற்றவர்களுள் ஒருவர் கிளைட் கென்னார்ட். படையில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி, ஹாட்டீஸ்பர்க் அருகே கோழிப்பண்ணை நடத்திய அவர், வெள்ளையர் மட்டுமே படித்த உள்ளூர்க் கல்லூரியில் சேர விண்ணப்பித்ததே ஆணையத்தின் கண்ணில் பட்டதற்குக் காரணம். அவரிடம் குறை காணப் புறப்பட்ட புலனாய்வாளருக்கு, அக்கம்பக்கத்தார் அவரை அறிவாளி, பண்பாளர் என்று கூறியதையே எழுத நேர்ந்தது. அவரைத் தீர்த்துக்கட்டலாம் என்ற பேச்சு அடிபட்டதும் கோப்புகளில் பதிவாகியுள்ளது. 1960இல், 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவன மூட்டைகளைத் திருடத் தூண்டினார் என்ற பொய் வழக்கில் அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புற்றுநோய் முற்றிய நிலையில் விடுவிக்கப்பட்டு 1963 ஜூலையில் இறந்தார். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2006இல்தான்.

இத்தகைய கோப்புகளை அப்படியே நம்பிவிட முடியாது. கூலி பெறும் உளவாளி, கூலி தருபவர் கேட்க விரும்பியதையே பெரும்பாலும் எழுதுவான். வதந்தியும் தனிப்பட்ட பகையும் அறிக்கை என்ற பெயரில் அவற்றில் ஏறியிருக்கும். என்றாலும், எதைக் கண்டு அரசு அஞ்சியது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று அரிது.

ஆணையத்தை 1977இல் கலைத்த சட்டமன்றம், கோப்புகளை ஐம்பதாண்டுகளுக்குப் பூட்டிவைக்கவும் ஆணையிட்டது. அதை எதிர்த்த வழக்கு இருபதாண்டு இழுத்தது. இடையில் 1989இல் கசிந்த சில தாள்கள், கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் கொலை வழக்கில் எதிர்த்தரப்புக்காக ஆணையம் ஜூரிகளைப் பற்றி ரகசியமாக விசாரித்ததை அம்பலப்படுத்தின; வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டு, 1994இல் கொலையாளி தண்டிக்கப்பட்டான். கோப்புகளைத் திறக்கக் கோரி வழக்குத் தொடுத்தவர்களுக்குள்ளேயே பிளவு இருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி: எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார், உளவாளிகள் கிளப்பிய அவதூறுகள் அரசு முத்திரையோடு மறுபடியும் உலவும் என்று அஞ்சினர் எட் கிங் போன்ற போராளிகள். அந்த அச்சம் நியாயமானதே. 1998இல் கோப்புகள் திறக்கப்பட்டபோது, வேவு பார்க்கப்பட்டவர்கள் விரும்பினால் தங்கள் பெயரை மறைக்கவோ தங்கள் மறுப்புரையைக் கோப்பிலேயே சேர்க்கவோ வழி செய்யப்பட்டது. வேவு பார்த்தவர்களுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.