தகர டப்பாவுக்குள் லட்ச ரூபாயா?

பாட்டியின் பழைய பெட்டியை ஒழிக்கும்போது ஒரு தகர டப்பா கிடைக்கிறது.

திறந்து பார்த்தால் உள்ளே காசுகள்! ஓட்டைக் காலணா இருபது. நெளிந்த விளிம்பு உள்ள ஓரணா ஐந்தாறு. ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் இரண்டு.

பள்ளிக்கூடம் போகும் மகன் செல்போனை எடுக்கிறான். ஓட்டைக் காலணாவின் படத்தைத் தேடுகிறான். "அம்மா! ஒரு காசு இரண்டு லட்ச ரூபாயாம்!" என்று கத்துகிறான்.

அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கடன் அடைகிறது. மகளுக்குக் கல்யாணம் ஆகிறது. எல்லாம் மனக்கணக்கில்!

மறுநாள் அந்த அம்மாள் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு பழைய நாணயக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் காசுகளைப் புரட்டிப் பார்க்கிறார். ஓட்டைக் காலணாவைத் தனியே ஒதுக்குகிறார். "இது ஒவ்வொன்றும் சில ரூபாய்தான் அம்மா. வெள்ளி ரூபாய்க்கு மட்டும் நல்ல விலை வரும்" என்கிறார்.

"செல்போனில் இரண்டு லட்சம் என்று போட்டிருக்கிறதே!"

"போட்டிருக்கிறார்கள், அம்மா. யாராவது வாங்கினார்களா?"

பழைய நாணயம், தபால் தலை, ரூபாய் நோட்டு விற்கும் சிறு கடைகளில் இது இன்று அடிக்கடி நடக்கும் காட்சி. வந்தவர் கடைக்காரரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு போகிறார். கடைக்காரர் வந்தவரைப் பேராசைக்காரர் என்று நினைக்கிறார்.

இருவரில் யார் சொல்வது சரி?

விலை மூன்று வகை

சென்னையில் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ம் ஆண்டில் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-ல் தீக்கு இரையாயிற்று. பழைய புத்தகம், பழைய காசு, பழைய கடிகாரம் எல்லாம் அங்கே கிடைக்கும். விலை என்பது பேரம்தான். கடைக்காரர் ஒன்று சொல்வார். வந்தவர் பாதி கேட்பார். நடுவில் ஓர் இடத்தில் முடியும். வெளியூரில் அதே காசு என்ன விலைக்குப் போயிற்று என்பது இருவருக்குமே தெரியாது.

1995-ல் அமெரிக்காவில் ஈபே என்ற இணையச் சந்தை தொடங்கியது. அதில் முதலில் விலை போன பொருள் பழுதான லேசர் விளக்கு ஒன்று! கெட்டுப்போன சாமானுக்கும் உலகில் எங்கோ ஓர் ஆள் உண்டு என்று அப்போது தெரிந்தது. அதன் பிறகு பல நாடுகளில் பல இணையச் சந்தைகள் வந்துவிட்டன. வீட்டில் உட்கார்ந்தபடியே ஆயிரம் கடைகளின் விலையைப் பார்க்கலாம்.

நல்லதுதான். ஆனால் பார்க்கும் விலை எந்த விலை?

விலை மூன்று வகை. முதலாவது, கேட்கும் விலை. இரண்டாவது, விற்ற விலை. மூன்றாவது, விற்றவர் கையில் மிஞ்சிய விலை.

செல்போனில் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் முதல் விலைதான். அதை யார் வேண்டுமானாலும் போடலாம். கத்தரிக்காய் கிலோ ஒரு லட்சம் என்று ஒருவர் சிலேட்டில் எழுதி வைத்தால், கத்தரிக்காய் விலை ஏறிவிடுமா? வாங்க ஆள் வந்தால்தானே அது விலை!

ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்வோம். உலக யுத்த காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த, 1943 முதல் 1947 வரை அந்தக் காசை நடுவில் ஓட்டையோடு அடித்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, கோடிக்கணக்கில் அடித்தார்கள். இன்றும் ஊருக்கு ஊர் கிடைக்கிறது. அப்படிப்பட்ட காசு லட்சத்துக்குப் போவது எப்படி?

பழசு வேறு, அரிது வேறு

பழைய காசு என்றால் விலை அதிகம் என்று நினைப்பது தவறு. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது — இந்த மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கும்.

1911-ம் ஆண்டு ரூபாய் இதற்கு நல்ல உதாரணம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்த சமயம். மன்னர் உடையில் ஒரு யானை உருவம் இருந்தது. அதன் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பெரிய கூச்சல் கிளம்பியது. அரசாங்கம் அந்த ரூபாயை நிறுத்தியது. ஏறக்குறைய 94 லட்சம் ரூபாய்கள் அடித்திருந்தார்கள். அவற்றில் சுமார் 7 லட்சம்தான் வெளியே வந்தது. மற்றவை உருக்கப்பட்டன. 1912-ல் யானை திருத்தமாக வந்தது. ஒரே மன்னர், ஒரே வெள்ளி, ஒரே எடை. ஆண்டு ஒன்று தள்ளினால் விலை வேறு!

1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாயும் அப்படித்தான். மிஞ்சியது மிகச் சில. அதனாலேயே போலிகளும் ஏராளம்.

வெள்ளி ரூபாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்தக் காலத்து ரூபாய் சரியாக ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். 1939 வரை அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆக ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது. 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் வெள்ளி போய் நிக்கல் வந்தது.

எனவே 1939-க்கு முந்திய ரூபாய் எவ்வளவு தேய்ந்தாலும், அன்றைய வெள்ளி விலைக்குக் கீழே போகாது. நல்ல கடைக்காரர் முதலில் தராசை எடுப்பது இதனால்தான். வெள்ளி விலை தரை. சேகரிப்பவர் கொடுக்கும் விலை அதன் மேல் எழுப்பும் சுவர்.

கடைக்காரரின் கணக்கு

"இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு உண்மையிலேயே விற்றிருக்கிறது. கடைக்காரர் ஐந்நூறுதான் தருகிறார். இது நியாயமா?" என்று கேட்பார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆயிரம் ரூபாய்க்கு விற்ற காசில், சந்தை நடத்துபவருக்குக் கமிஷன் நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உறை, தபால் செலவு எல்லாம் நூறு. விற்றவர் கையில் மிஞ்சுவது எண்ணூறு. இதுதான் மூன்றாவது விலை. வாங்கியவர் "சரியில்லை" என்று திருப்பி அனுப்பினால் அதுவும் குறையும்.

கடைக்காரர் அந்தக் காசை வாங்கி இன்றே விற்பதில்லை. ஆறு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கலாம். வாடகை, விளக்கு, வட்டி எல்லாம் ஓடும். ஐந்நூறு, அறுநூறு தருகிறார் என்றால் அது கொள்ளை அல்ல. ஆனால் நூறு ரூபாய் கொடுத்து வாங்கினால் அது கொள்ளைதான்!

விற்கும்போது கடைக்காரரின் பாடு வேறு. வாங்க வந்தவர் காசைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். லென்ஸ் கேட்கிறார். அரை மணி நேரம் விவரம் கேட்கிறார். பிறகு வெளியே போய், இணையத்தில் ஐம்பது ரூபாய் குறைவாக வாங்கிவிடுகிறார். கடைக்காரரின் அறிவை இலவசமாக எடுத்துக்கொண்டு, பணத்தை வேறு இடத்தில் கொடுப்பது என்ன நியாயம்?

இதனால் விவரம் தெரிந்த கடைக்காரர்கள் ஒரு முறையைக் கைக்கொள்கிறார்கள். சாதாரணக் காசுகளை இணைய விலையைவிடக் குறைத்தே விற்கிறார்கள். அவர்களுக்குத்தான் கமிஷனும் தபால் செலவும் இல்லையே! நடுத்தரமான பொருளை இணைய விலைக்கே விற்கிறார்கள். "போலி என்றால் திருப்பிக் கொண்டு வாருங்கள்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். மிக அரிதானதை ஏலத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஒரே நாக்கு வேண்டும்

கடைக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் அல்ல. வாங்கும்போது, "இது எங்கும் கிடைக்கும் சாமான்" என்பார்கள். அதே காசை விற்கும்போது, "இது போல வேறு எங்கும் கிடைக்காது" என்பார்கள். இந்த இரட்டை நாக்குத்தான் ஜனங்களைச் செல்போன் பக்கம் துரத்துகிறது.

ஒவ்வொரு காசின் உறையிலும் விலையை எழுதி வைக்க வேண்டும். வந்தவர் உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்து விலை சொல்லும் காலம் போய்விட்டது. விலை கேட்டவருக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். "இதில் வெள்ளி இவ்வளவு. இது போன்றது போன மாதம் இந்த விலைக்குப் போயிற்று. இதில் தேய்மானம் இருக்கிறது." மூன்றே வாக்கியங்கள்! இதைச் சொல்லும் கடைக்காரரை இணையம் விழுங்க முடியாது.

முன்பணம் கேட்டால் மோசடி!

விலை தெரியாமல் சில ரூபாய் இழப்பது சின்ன நஷ்டம். பெரிய ஆபத்து வேறு.

"உங்கள் காசை ஐந்து லட்சத்துக்கு வாங்குகிறோம். முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று ஒரு குரல் செல்போனில் பேசும். பிறகு வரி என்பார்கள். பிறகு கமிஷன் என்பார்கள். பணம் போகும், லட்சம் வராது!

ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டியே இப்படி ஏமாற்றினார்கள். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விடுத்தது. பழைய நாணயம், நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, தன் பெயரால் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று தெளிவாகச் சொன்னது.

காசை விற்பவர் பணம் வாங்க வேண்டியவர். அவரிடமே பணம் கேட்டால் அது மோசடி. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும், ராமர், சீதை, அனுமார் உருவமும் போட்ட "1818-ம் ஆண்டுக் காசு" என்று ஒன்றைக் காட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது பிற்காலத்துச் சரக்கு.

வீட்டில் டப்பா இருக்கிறதா?

இருந்தால், முதலில் காசைத் தேய்க்காதீர்கள்! புளி போட்டுத் துலக்குவதும், விபூதி போட்டு மெருகேற்றுவதும் குத்துவிளக்குக்குச் சரி. பழைய காசுக்கு அது விஷம். இயற்கையான நிறம் போனால் பாதி விலை போயிற்று.

அடுத்து, ஆண்டு வாரியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். கணக்கும் வரும், சரித்திரமும் வரும்.

இணையத்தில் பார்ப்பதானால், விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். ஈபே போன்ற சந்தைகளில் அதைத் தனியே பார்க்க வழி உண்டு. நாணய ஏலம் நடத்துபவர்களும் ஏலம் முடிந்ததும் போன விலைகளை வெளியிடுகிறார்கள்.

பிறகு ஒரு கடைக்கு அல்ல, இரண்டு மூன்று கடைகளுக்குப் போய்க் காட்டுங்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள்.

நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த புதையல் காசு என்றால் கடைக்கே கொண்டு போகாதீர்கள். 1878-ம் ஆண்டுச் சட்டப்படி அதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த அம்மாளின் டப்பாவில் லட்சம் இல்லை. ஆனால் இரண்டு ரூபாய்களில் இரண்டு தோலா வெள்ளிக் காசு இருக்கிறது. பாட்டி சிறுகச் சிறுகச் சேர்த்தது அது. அதற்கு உரிய விலை அவருக்குக் கிடைக்க வேண்டும். அதிகமும் வேண்டாம்; குறைவும் வேண்டாம்.

அதற்கு ஒரு கேள்வி போதும். செல்போனில் லட்சத்தைக் கண்டால், "யாராவது வாங்கினார்களா?" என்று கேட்க வேண்டும். கடையில் நூறு என்றால், "ஏன் நூறு?" என்று கேட்க வேண்டும்.

பதில் சொல்பவரிடம் வியாபாரம் செய்யலாம். பதில் சொல்லாதவரிடமிருந்து டப்பாவை மூடிக்கொண்டு வந்துவிடலாம்!