கெர்னலுக்குள் கொட்டாதீர்கள்

ஆலை மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் அதிர்வு சென்சார்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவது என் பிழைப்பு. சென்சார் சொல்வதை லினக்ஸின் மையமான கெர்னலுக்குப் புரியவைக்கும் சின்ன நிரல்தான் டிரைவர். பேரிங் தேய்கிறதா என்று பிறகு உட்கார்ந்து ஆராய, அளவீடு முழுவதும் பதிவாக வேண்டும். இதற்கும், கெர்னலின் லாக்கில் ஒரு வரி எழுதும் ‘பிரிண்ட்கே’ கட்டளையைப் போட்டு ஒப்பேற்றும் சோம்பேறித்தனம் எங்கள் தொழிலில் ஊறிப்போய்விட்டது.

சாதனம் கிடைத்தது, இணைப்பு அறுந்தது என்று எப்போதாவது ஒரு வரி சொல்ல பிரிண்ட்கேயை விட நல்லது கிடையாது. அளவீடுகளைக் கொட்ட அது ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 1,600 அளவீடு, வரிக்கு 40 எழுத்து என்றால் நொடிக்கு 64,000 எழுத்து. சீரியல் கன்சோலோ 115200 வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் அனுப்பும். லாக் பஃபர் 128 கிலோபைட் என்றால் இரண்டே நொடியில் நிரம்பி, பழைய வரிகளின் மேல் புதியவை ஏறிவிடும். பழுதுக்கு முந்தைய நிமிடம்தான் நமக்கு வேண்டும், அதுதான் இருக்காது. இன்னொரு கூத்தும் உண்டு. வரி எழுதுவதே நேரத்தைத் தின்பதால் டிரைவரின் வேகம் மாறி, தேடிய பிழை காணாமல் போகும். வரியை நீக்கினால் திரும்பி வரும்! நேரம் தவறாத லினக்ஸுக்கான பிரீஎம்ப்ட்-ஆர்டி வேலை ஏறத்தாழ 20 ஆண்டு இழுத்து, 2024-இல் 6.12 பதிப்பில்தான் மூலக் கெர்னலில் சேர்ந்தது. கடைசிவரை வழிமறித்தவற்றில் இந்தப் பிரிண்ட்கேயும் ஒன்று.

‘கெர்னலிலிருந்தே ஃபைலைத் திறந்து எழுதிவிட்டால்?’ என்பார்கள். கூடாது என்று கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் 2005-லேயே லினக்ஸ் ஜர்னலில் எழுதிவிட்டார். எந்த ஃபோல்டர், யாருடைய அனுமதி, டிஸ்க் நிறைந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் டிரைவர் தீர்மானிக்கிற சங்கதி அல்ல.

எண்ணை எண்ணாகவே, நேரத்தோடு சேர்த்து, தனி பஃபர் ஒன்றில் போட்டால் போதும். மூன்று அச்சுக்கு 6 பைட், நேரத்துக்கு 8, நடுவே காலியாக 2, ஆக 16. நொடிக்கு 25,600 பைட்தான். வெளியே ஓடும் சாதாரண நிரல் ஒன்று அதை அள்ளி டிஸ்கில் எழுதிக்கொள்ளும். சென்சார்களுக்கென்று ‘ஐஐஓ’ என்ற ஏற்பாடு கெர்னலிலேயே இருக்கிறது. இருந்தும் ஏன் தொடமாட்டேன் என்கிறார்களோ!

அள்ளுகிற நிரல் தாமதித்தால் அங்கேயும் அளவீடு விட்டுப்போகும். எத்தனை போயின என்று ஒரு கவுண்டர் வைக்கச் சொல்லி இளைஞர்களோடு மல்லுக்கட்டுகிறேன். நடுவில் எங்கே விட்டுப்போனது என்றே தெரியாத பதிவை நம்பி, ஓடுகிற மோட்டாரை நிறுத்தி பேரிங்கைக் கழற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை.