பாட்டியை வீட்டுலேயே உட்கார வைக்காதீங்க



கேமரன் மலைத் தோட்டங்கள்ல சரிவுல நின்னு கொழுந்து எடுத்த பாட்டிமார்கள் பலர் இப்போ வெள்ளிக்கிழமை பூசைக்கு வர்றதில்ல. கேட்டா, "விழுந்துருவேன்னு பயமா இருக்கு, பிள்ளைங்களும் விடமாட்டேங்குதுங்க" என்கிறார்கள்.

பிள்ளைகளின் அக்கறை புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைக்கும், தடுமாற்றம் கூடும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே 2020இல் சொல்லியிருக்கிறது.

பிசியோதெரபியில் ஒரு பயிற்சி: முன் பாதத்தின் குதிகாலைப் பின் பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. நம்ம அடிப்பிரதட்சணம்தானே அது! நாற்காலியில் மெதுவா உட்கார்ந்து எழுவது இன்னொன்று.

ஏற்கெனவே விழுந்தவங்க, தலைசுற்றல், பக்கவாதம் உள்ளவங்க முதல்ல தானா ராத்தா மருத்துவமனையில் காட்டிட்டு வாங்க. மழை பெய்து பிரகாரம் ஈரமா இருந்தா வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பாட்டியைக் கூட்டிட்டு வாங்க. கையைப் பிடிச்சிக்க தொண்டர்கள் நாங்க இருக்கோம். ஆலயப் படிக்குக் கைப்பிடிக் கம்பி போடச் சொல்லி நிர்வாகத்தையும் கேட்கிறோம். அலங்கார விளக்கு அடுத்த வருஷம் வாங்கலாம். கம்பி இப்பவே வேணும்.

முருகன் துணை.