பம்பைக் கழற்றும் முன் டேங்க்கைப் பாருங்கள்

போன புரட்டாசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் நிலம் உழவுப் பதத்துக்கு வந்துவிட்டது. நைனார்பாளையம் பக்கம் மானாவாரி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்தப் பதம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி இறங்கினேன். இருபது நிமிஷம் ஓடிய டிராக்டர் மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து நின்றுவிட்டது. பத்து நிமிஷம் விட்டு சாவி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மறுபடி இருபது நிமிஷம், மறுபடி நிற்கிறது.

வந்து பார்த்த மெக்கானிக், "சார், பம்பு போயிடுச்சு. கழட்டி டவுனுக்கு அனுப்பணும், பன்னிரண்டாயிரம் ஆகும், நாலு நாள் ஆகும்" என்றார். பக்கத்து வயல்காரர் ஒரு படி மேலே போய், "இருபத்தஞ்சு வருஷ வண்டி, தள்ளிவிட்டுட்டு புதுசு எடுத்துடுங்க. பேங்க்ல இருந்தவருக்கு லோன் கிடைக்காதா?" என்றார்.

லோன் கிடைக்கும். பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ டிராக்டர் கடன் மனுக்களைப் பரிசீலித்தவன் நான். நிலத்தை அடமானம் வைத்து, ஏழெட்டு ஆண்டுத் தவணைக்குத் தலையைக் கொடுப்பது என்றால் என்ன என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கு அவசரப்படவில்லை. பயிர் மஞ்சளானால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் வேரைப் பிடுங்கிப் பார்க்கிறோம், மண்ணைக் கிளறிப் பார்க்கிறோம். வண்டிக்கும் அதையே செய்யலாமே என்று உட்கார்ந்தேன்.

டீசல் இன்ஜினுக்குத் தேவை மூன்றுதான்: காற்று, டீசல், அழுத்தம். காற்று வடிகட்டி அடைத்திருந்தால் கரும்புகை தள்ளும். என் வண்டி நிற்கும்போது புகையே குறைந்தது. எனவே பட்டினி டீசலுக்குத்தான். டீசல் டேங்க்கில் கிளம்பி, குழாய் திருகு, ஓஸ், ஃபீட் பம்ப், இரண்டு பில்டர், பெரிய பம்ப், நாசில் என்று போகிறது. இதில் விலை கூடியது கடைசி இரண்டும். தொந்தரவு அதிகம் வருவது முதல் ஐந்தில். ஆனால் நம்மூரில் வைத்தியம் பெரும்பாலும் கடைசியில் இருந்துதான் தொடங்குகிறது.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினேன். மூடியில் உள்ள காற்றுத் துளையை மண்ணோ குளவிக்கூடோ அடைத்திருந்தால், டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுபோகும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று சத்தம் வந்து வண்டி சரியாக ஓடினால் வியாதி அதுதான். எனக்கு அது இல்லை.

அடுத்தது கேன் சோதனை. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, இன்ஜினை விட உயரமாகக் கட்டி, ஒரு புது ஓஸ் வழியாக நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தேன். காற்று எடுத்துவிட்டு, கலப்பையை இறக்கி ஓட்டினால் நாற்பது நிமிஷம் நிற்காமல் இழுத்தது! அந்த ஒரு சோதனையில் பாதி வண்டி விடுதலை. பம்பு, நாசில், பில்டர் எல்லாம் நிரபராதி. குற்றவாளி டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். கேனிலும் வண்டி நின்றிருந்தால், ஃபீட் பம்பின் சல்லடை, பில்டர் என்று முன்னோக்கிப் போயிருக்க வேண்டும்.

பிறகு பழைய ஓஸைக் கழற்றி வாளியில் விட்டேன். முதலில் விரல் கனத்தில் கொட்டிய டீசல், இரண்டு நிமிஷத்தில் நூலாக இளைத்தது. டேங்க்கை வடித்து, அடியில் இருந்த திருகைக் கழற்றினால் வாயில் ஒரு துணிக் கிழிசல். ஓடும்போது வரத்தோடு வந்து வாயை மூடும், நின்றால் விலகிவிடும். துணி யாருடையது? என் பழைய வேட்டி. டீசலை வடிகட்டி ஊற்றுகிறேன் என்று புனலில் நான் வைத்ததுதான். செலவு ஒரு பைசா இல்லை. வெட்கம்தான் கொஞ்சம். இப்போது துணி கிடையாது. கேனை ஒரு நாள் ஆடாமல் வைத்துத் தெளியவிட்டு, மெல்லிய கம்பிச் சல்லடை வழியாக ஊற்றுகிறேன், அடிக் கசடை விட்டுவிடுகிறேன்.

இன்னும் சில விஷயம். பில்டர் அடியில் வடியும் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். வேலை முடிந்த மாலையே டேங்க்கை நிரப்பி வைத்தால், காலிடத்தில் இரவு நீர் வேர்ப்பது குறையும். இன்ஜின் ஒரே சீராக இல்லாமல் ஏறி ஏறி இறங்கினால் எங்கோ காற்று எடுக்கிறது. ஒரு துண்டு கண்ணாடி ஓஸ் மாட்டிப் பாருங்கள், குமிழி தெரியும். பெரும்பாலும் தேய்ந்த வாஷர் அல்லது வெடித்த ரப்பர்தான். காற்று எடுக்க, பில்டர் மேல் உள்ள திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அடித்து இறுக்குங்கள். பிறகு பெரிய பம்பிலும் அதேபோல. ஓடும் இன்ஜினில் நாசில் பக்கம் கசிவு இருக்கிறதா என்று மட்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே புகும். சிறு காயம் போலத்தான் தெரியும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆபத்து அது.

"இயற்கை விவசாயிக்கு டிராக்டர் எதற்கு, மாடு போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். மாடு வைத்து உழுபவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அறுபதைத் தாண்டிய என்னைப் போன்றவர்கள் பலருக்கு, ஏர் பிடிக்க ஆள் இல்லாத ஊரில், பழைய டிராக்டர்தான் துணை. அதை இருபத்தைந்து வருஷம் கழித்தும் ஓட வைப்பது, புதிதாக இன்னொரு இரும்புக் குவியலை வாங்குவதை விடச் சிக்கனம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசு விதி வந்திருக்கிறது. புகை குறைவது நல்லதே. ஆனால் அந்த வண்டிகளில் டீசலை அளப்பது பெரும்பாலும் கம்ப்யூட்டர். கோளாறைப் படிக்க கம்பெனி ஆள் கருவியோடு வர வேண்டும். ஸ்பேனரும் ஒரு கேனும் வைத்து நாமே கண்டுபிடிக்கக்கூடிய வண்டிகள் இனி குறைந்துகொண்டே வரும். இருப்பதைக் கைவிடும் முன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

விதையைக் கையில் வைத்திருக்கிறோம், உரத்தை வீட்டில் செய்கிறோம், பூச்சிவிரட்டியை நாமே காய்ச்சுகிறோம். வண்டி நின்றால் மட்டும் அடுத்தவர் சொல்லும் தொகையைக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறோம். இது என்ன தற்சார்பு? மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, அவர் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது "கேன்ல ஓட்டிப் பார்த்துட்டேன், டேங்க் பக்கம் கோளாறு இல்லை" என்று சொல்லத் தெரிந்தவரிடம் பம்பைக் கழற்றச் சொல்லும் முன் அவரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

என் யோசனை இதுதான். நம் குழுக் கூட்டங்களில் பஞ்சகவ்யா செய்யக் கற்றுக்கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குவோம். யாராவது ஒருவர் பழைய டிராக்டரைக் கொண்டு வரட்டும். பில்டரைக் கழற்றி, காற்று எடுத்து, திரும்ப ஓட வைப்பதை ஒவ்வொருவரும், முக்கியமாகப் பெண்களும் இளைஞர்களும், தங்கள் கையால் ஒரு முறை செய்யட்டும். எங்கள் பக்கம் கூட்டம் நடந்தால் வண்டியை நான் கொண்டு வருகிறேன்.

அன்றைக்கு சாயந்திரத்துக்குள் உழவு முடிந்தது. மறுநாள் விதைத்தேன். பம்பை டவுனுக்கு அனுப்பியிருந்தால், நாலு நாளில் பதம் போயிருக்கும்.