சங்குப்பூ ஜின்னும் ஹேவாஹெட்டச் சிங்கோனாவும்

சங்குப்பூ ஊறிய நீரை ஜின்னுடன் கலந்து, மேலே ரொனிக் தண்ணீரும் தேசிக்காய்ச் சாறும் விட்டால் நீலம் ஊதாவாக மாறும். பூவின் நிறப்பொருள் அமிலத்தைச் சந்திக்கையில் நிகழும் எளிய இரசாயனம் அது. இதற்கு 'வசந்தகாலப் பானம்' என்று பெயர் சூட்டுகிறார்கள். வசந்தம் என்றொரு பருவமே இல்லாத நாட்டில், ஏப்ரல் மாத நுவரெலியா 'சீசனை' விட்டுச்சென்ற துரைமாரின் நாட்காட்டியே இன்னும் நம் சுவரில் தொங்குகிறது.

பானத்தோடு எனக்குப் பகையில்லை. அதனுடன் சேர்த்துப் பரிமாறப்படும் சரித்திரத்தின் மீதே என் வழக்கு. மலேரியாவுக்கு அஞ்சிய துரைமார் கசப்பான குயினினை விழுங்க ஜின் சேர்த்தார்களாம். அந்த மருந்தே பின்னர் விருந்தாயிற்றாம். இதில் பாதி உண்மை. குயினின் கலந்த ரொனிக் தண்ணீருக்கு எரஸ்மஸ் பொண்ட் என்பவர் 1858இல் இலண்டனில் காப்புரிமை பெற்றார். ஆனால், இன்றைய ரொனிக்கை மருந்தென்பது வேடிக்கை. அமெரிக்க விதிப்படி ஒரு லீற்றரில் 83 மில்லிகிராமுக்கு மேல் குயினின் இருத்தலாகாது. மலேரியா நோயாளிக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ ஏறக்குறைய 1800 மில்லிகிராம். இருபது லீற்றருக்கு மேல் குடிக்கவேண்டும்!

கதையின் விடுபட்ட பாதி கண்டிச் சீமையில், ஹேவாஹெட்ட மலைகளில் கிடக்கிறது. குயினின் என்பது சிங்கோனா மரப்பட்டையின் சாரம். அந்தீஸ் மலைகளிலிருந்து பிரித்தானியர் கொண்டுவந்த அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் சிங்கோனாவை நட்டு வளர்த்தார். 1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். சிங்கோனாவை அறிந்தவர் சிலரே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது தோட்டக்காரர் பலர் இம்மரத்தையே நம்பினர். 1880களில் இலங்கைப் பட்டை சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது, மரங்கள் வீழ்ந்தன, தேயிலை எழுந்தது.

'டெய்லர் நட்டார்' என்று நானும் எழுதிவிட்டேன். மொழியே துரைக்குச் சாதகமாக வளைகிறது. குழி வெட்டியவரும் நாற்று நட்டவரும் பட்டை உரித்தவரும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்கு நடந்துவந்த மக்களாவர். மலேரியா நுளம்பின் இராச்சியம் அந்த வறண்ட வலயக் காடுதான். குளிர்ந்த மலையுச்சிப் பங்களா அன்று. காய்ச்சலிலும் கொலராவிலும் வழியோரம் வீழ்ந்தவர்களை எண்ணி முடித்தவர் இல்லை. நோயின் பாதையில் நடந்து வந்தவர்கள் மருந்தின் மரத்தை நட்டார்கள். நன்றியோ, கோப்பை ஏந்திய துரைக்குச் சென்றது.

மரத்தை வீழ்த்தியதன் விலை பின்னர் தெரிந்தது. 1934-35 மலேரியாப் பெருந்தொற்றில் இலங்கையில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். ஒருகாலத்தில் உலகச் சந்தையை நிரப்பிய நாடு, அன்று குயினினுக்குப் பிறநாட்டை எதிர்பார்த்து நின்றது. பொப்பி மலருக்கு எதிராகப் பூவரசம் பூ விற்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டுசென்றனர். பானத்துக்குப் பூவின் கதை வேண்டுவோர் இந்தப் பூவின் கதையையும் சொல்லலாமே!

"குடிப்பவனுக்கு எதற்கு இத்தனை சரித்திரம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சரித்திரமே வேண்டாமென்றால் பானத்தை மட்டும் விற்கட்டும். தொப்பியணிந்த துரையின் படத்தைப் போட்டு, அந்தக் கதைக்கும் சேர்த்துப் பணம் வாங்குபவர்கள் கதையை முழுதாகச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

டெய்லர் அமர்ந்த கல்லிருக்கையைக் காண லூல்கந்துரவுக்குப் பயணிகள் வருகிறார்கள். வரட்டும், அம்மனிதரின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் குழி வெட்டியவர்களின் பெயர் தாங்கிய கல்லொன்றை அங்கு நான் கண்டதில்லை. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். ஹொட்டேல்காரர்கள் தம் பட்டியலில் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரி அச்சிட்டால் பானத்தின் சுவை குன்றிவிடாது. ரொனிக்கில் கசப்பு ஏற்கனவே இருக்கிறது. அதை உரித்தெடுத்த கைகள் யாருடையவை என்பதையும் குடிப்பவர் அறியட்டும்.