பொறுத்தார் வானம் ஆள்வாரா?

பொறுத்தார் பூமியாள்வார் என்பது நம்மவர் பழமொழி. அமெரிக்காவின் பிராந்திய விமானசேவைகளில் பணிபுரியும் இளம் விமானிகளுக்கு இதையே வேறொரு வடிவில் பல தசாப்தங்களாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். "பொறு தம்பி, உன் முறை வரும்." நிர்வாகம் சொல்கிறது. தொழிற்சங்கத்தின் மூத்தவர்கள் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற கப்டன்மாரும் சொல்கிறார்கள். நாங்களும் இப்படித்தான் வயிற்றைக் கட்டி மேலே வந்தோம், நீங்களும் கட்டுங்கள் என்பதே இந்த அறிவுரையின் சாரம். இது பொய்யான அறிவுரை என்பதும், விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பயணியும் இதற்கு விலை கொடுக்க நேரிடலாம் என்பதும் என் வாதம்.

பத்திரிகைக்காரனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் 'உன் முறை வரும்' என்ற வாக்கியத்தை நன்கு அறிவேன். அச்சில் வந்த செய்திக்கு மட்டும் கூலி பெற்றுக்கொண்டு, நிரந்தர நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த பிராந்திய நிருபர்களோடு பழகியவன் நான். 'பிராந்திய' என்ற அடைமொழி ஒரு தொழிலின் முன்னால் வந்து நின்றால் சம்பளம் எங்கே போகும் என்பதை எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும், புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகளும் விமானியாகும் கனவோடு கடன் வாங்கிப் பறக்கக் கற்கின்ற காலம் இது. ஆகவே இது நமக்கும் உரிய பேச்சுத்தான்.

முதலில் ஏற்பாட்டை விளங்கிக்கொள்வோம். 1978இல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை அரச கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் பின்னர் பெரிய நிறுவனங்கள் சிறு நகரங்களுக்கான சேவைகளைச் சிறிய நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் கொடுக்கத் தொடங்கின. பயணச்சீட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். விமானத்தின் உடலிலும் அதே நிறம், அதே சின்னம். ஓட்டுபவரோ வேறொரு நிறுவனத்தின் ஊழியர். 2009ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் உள்நாட்டுப் பறப்புகளில் ஏறத்தாழப் பாதியை இத்தகைய பிராந்திய நிறுவனங்களே நடத்தின. பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள் தமது ஒப்பந்தங்களில் ஓர் எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கின்றன. பொதுவாக 76 ஆசனங்களுக்கு மேற்பட்ட விமானத்தைப் பிராந்திய நிறுவனம் ஓட்டக்கூடாது. கோட்டுக்கு மேலே ஒரு சம்பளம், கோட்டுக்குக் கீழே இன்னொரு சம்பளம். வானம் ஒன்றுதான், மழையும் மின்னலும் ஒன்றுதான்.

இனிச் சேவைமூப்பு. நிறுவனத்தில் சேர்ந்த நாளன்று விமானிக்கு ஓர் எண் கிடைக்கிறது. எந்த விமானம், எந்த ஊரைத் தளமாகக் கொள்வது, எந்த நாளில் விடுமுறை, வலது ஆசனத்துத் துணைவிமானி எப்போது இடது ஆசனத்துக் கப்டனாவார், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்குப் போவார் ஆகிய அனைத்தையும் அந்த எண்ணே தீர்மானிக்கிறது. திறமைக்கு இதில் இடமில்லை என்று சிலர் குறைகூறுவர். அவர்களோடு நான் உடன்படவில்லை. 'இந்த விமானத்தில் பழுது இருக்கிறது, நான் எடுக்கமாட்டேன்' என்று மறுக்கும் விமானியின் பதவியுயர்வை மேலாளர் ஒருவர் தடுத்துவிட முடியாதபடி காப்பது இந்தச் சேவைமூப்புத்தான். முகஸ்துதிக்கும் சாதி, இன, குடும்பச் செல்வாக்குக்கும் பழகிப்போன நமது அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அந்த எண் நிறுவனத்தின் சொத்து. விமானி அதைக் கையோடு எடுத்துச் செல்ல முடியாது. பதினைந்து ஆண்டுகள் கப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியில் நிற்கவேண்டும். வைத்தியர் மருத்துவமனை மாறினால் மீண்டும் பயிற்சி வைத்தியராவதில்லை. ஆசிரியர் பாடசாலை மாறினால் முதலாம் ஆண்டுச் சம்பளத்துக்கு இறங்குவதில்லை. விமானி இறங்கவேண்டும். ஆகவே அவர் அசையமாட்டார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அசையமுடியாதவனுக்கு எதற்காகக் கூட்டிக்கொடுக்க வேண்டும்?

போகட்டும், வரிசையில் நின்றால் வரிசையாவது நகர்கிறதா? இங்குதான் 'உன் முறை வரும்' என்பது பொய்த்துப் போகிறது. 1960 முதல் அமெரிக்க விமானசேவைகளின் விமானிகள் 60 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்ற விதி இருந்தது. 2007 டிசம்பர் 13ஆம் திகதி ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்ட சட்டம் அதை 65 ஆக்கியது. மூத்தவர்களுக்கு நியாயம் கிடைத்தது என்றார்கள். அவர்களிற் பலர் திவாலான நிறுவனங்களில் ஓய்வூதியத்தை இழந்தவர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கையொப்பத்தால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு வயதின் பேரில் எவரும் ஓய்வுபெறவேண்டிய கட்டாயம் இல்லாமற் போயிற்று. மேலே ஒருவர் எழுந்தாற்றான் கீழே ஒருவர் அமரலாம். பெரிய நிறுவனத்தின் துணைவிமானி நின்ற இடத்தில் நின்றார், அவருக்குக் கீழே பிராந்திய நிறுவனத்தின் கப்டன் நின்றார், அவருக்கும் கீழே துணைவிமானி நின்றார். மறு ஆண்டே பொருளாதார வீழ்ச்சி வந்தது. 2008இல் யுனைட்டட் தனது 737 ரக விமானங்களைச் சேவையிலிருந்து அகற்றப்போவதாக அறிவித்து விமானிகளையும் நிறுத்தியது. கடைசி எண்ணைக் கையில் வைத்திருந்த இளைஞர் செய்த குற்றம் என்ன? ஓரிரு ஆண்டுகள் பிந்திப் பிறந்தது மட்டுந்தான்.

அவருடைய சம்பளத்தையும் கணக்குப் பார்ப்போம். கதவு மூடி விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து சென்றடைந்த இடத்தில் நிற்கும் வரையிலான நேரத்துக்குத்தான் மணிக்கூலி. விமானத்தைப் பரிசோதிப்பதற்கும், வானிலை அறிக்கை படிப்பதற்கும், தாமதமான விமானத்துக்காக நிலையத்தில் காத்துக்கிடப்பதற்கும் அந்தக் கூலி இல்லை. சாப்பாட்டுக்கென ஒரு சிறு படி மட்டும் உண்டு. 2000களில் புதிய துணைவிமானியின் மணிக்கூலி 20 டொலரை ஒட்டியிருந்தது. மாதம் 75 மணித்தியாலம் என்று வைத்தால் 1,500 டொலர். ஆண்டுக்கு 18,000. பறக்கக் கற்பதற்காக அவர் பட்ட கடன் இதைப்போலப் பலமடங்கு. பெரிய நிறுவனங்களோ, விண்ணப்பிப்பவர் தாரை விமானத்தில் 1,000 மணித்தியாலம் கப்டனாகப் பறந்திருப்பதை விரும்பின. கப்டன் ஆசனம் காலியாகாமல் அந்த மணித்தியாலங்களை எங்கே போய்ச் சேர்ப்பது?

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நோக்கிச் சென்ற கோல்கன் எயார் 3407 விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். பயணச்சீட்டில் இருந்த பெயர் கொன்டினென்டல். துணைவிமானி முதல் நாள் இரவு சியாட்டிலிலிருந்து சரக்கு விமானத்தில் நாட்டைக் குறுக்கறுத்து வேலைக்கு வந்தவர். அவருடைய ஆண்டு வருமானமாக 16,000 டொலரை ஒட்டிய தொகை அவ்வாண்டு மே மாத விசாரணையில் பேசப்பட்டபோது அமெரிக்கா அதிர்ச்சியடைந்தது. தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிரதான காரணமாகக் கண்டது, எச்சரிக்கைக் கருவிக்குக் கப்டன் காட்டிய பிழையான எதிர்வினையை. விமானிகளின் களைப்பு அவர்களுடைய செயற்பாட்டைப் பாதித்திருக்கக்கூடும், ஆனால் எவ்வளவு என்று அறுதியிட முடியாது என்றும் சொன்னது. குறைந்த சம்பளமே விமானத்தை வீழ்த்தியது என்று நானும் எழுதமாட்டேன். ஆனால் தளமிருந்த ஊரில் வாடகை கொடுக்க வழியில்லாதவர் எங்கே உறங்குவார் என்ற கேள்வியை அந்த 50 சடலங்களுக்கு முன்னர் எந்த நிர்வாகம் கேட்டது?

இதே ஆண்டு ஜனவரியில் ஹட்சன் நதியில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கப்டன் சலன்பேர்கர், பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தோன்றினார். தமது சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் போனதையும் சொன்னார். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தமக்குத் தெரியாது என்றார். வரிசையின் முன்னால் நின்றவரின் வாக்குமூலம் இது. பொறுத்தவர் ஆண்ட பூமி இவ்வளவுதான்.

பஃபலோவில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் விடாது போராடின. 2010இல் சட்டம் வந்தது, 2013இல் விதி நடைமுறைக்கு வந்தது. முன்னர் 250 மணித்தியாலப் பறப்போடு துணைவிமானியாகலாம் என்றிருந்தது 1,500 ஆயிற்று. படைவிமானிகளுக்கும் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கும் மட்டும் சலுகை. உடனே பிராந்திய நிறுவனங்கள் ஓலமிட்டன. இந்த விதியாற்றான் விமானி கிடைக்கவில்லை, சிறு நகரச் சேவைகளை நிறுத்த நேர்கிறது என்றன. சம்பளத்தைக் கூட்டுங்கள் என்றால், எங்கள் ஒப்பந்தத்தில் அதற்குப் பணமில்லை என்றன.

பணமில்லையா? 2022 ஜூனில் அமெரிக்கன் எயார்லைன்ஸின் துணை நிறுவனங்களான பீட்மொன்ட்டும் என்வோயும் முதலாண்டுத் துணைவிமானியின் மணிக்கூலியை, தற்காலிக மேலதிகத்தையும் சேர்த்து, 90 டொலராக உயர்த்தின. மற்றவையும் பின்தொடர்ந்தன. விமானம் அதே விமானம். ஆசனம் அதே 76க்குட்பட்ட ஆசனம். பயணியும் அதே பயணி. பெருந்தொற்றுக் காலத்தில் மூத்தவர்களை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிட்டு, பயணிகள் திரும்பியதும் ஆளில்லாமல் தவித்தபோது பெட்டகம் திறந்தது. ஆக, பூட்டியிருந்தது பணமின்மையால் அன்று. இளையவர் போக்கிடமின்றிக் காத்திருப்பார் என்ற நம்பிக்கையினால்.

அப்போதுகூட வரிசை ஒழுங்காக நகரவில்லை. பெரிய நிறுவனங்கள் பிராந்திய கப்டன்மாரை அள்ளிக்கொண்டன. துணைவிமானி கப்டனாவதற்கு விமானசேவையில் 1,000 மணித்தியால அனுபவம் வேண்டும் என்பது விதி. கூடப் பறக்கக் கப்டன் இல்லாமல் துணைவிமானி தனியே பறக்க முடியாது. பறக்காமல் மணித்தியாலம் சேராது. மணித்தியாலம் சேராமல் அவர் கப்டனாக முடியாது. பலர் வீட்டிலிருந்தபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் 2024இல் பெரிய நிறுவனங்கள் ஆட்சேர்ப்பைக் குறைத்தன, கதவு மறுபடி ஒடுங்கியது.

எதிர்த்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு கொம்எயார் சாட்சி. 2001இல் அதன் விமானிகள் 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் பெற்றனர். அதன் உரிமையாளரான டெல்டா, செலவு அதிகம் என்று கூறி 2012இல் நிறுவனத்தையே மூடியது. 2020 ஏப்ரலில் ட்ரான்ஸ் ஸ்டேட்ஸும் கொம்பஸும் மூடப்பட்டன. எல்லோருடைய எண்ணும் அன்றே காற்றில் போயிற்று. வரிசையில் பொறுமையாக நில் என்று சொன்னவர்கள், வரிசையையே சுருட்டி எடுத்துச் சென்றனர்.

ஓய்வு வயதை 67 ஆக்கும் முயற்சியும் நடந்தது. 2023இல் பிரதிநிதிகள் சபை அதை ஏற்றது. 2024 மேயில் நிறைவேறிய இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. அந்தக் கோரிக்கை மீண்டும் எழும்போது, அதன் விலையைச் செலுத்தப்போவது யார் என்று கேட்க வேண்டும்.

நான் கேட்பவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒன்று, பணிக்குச் சமுகமளித்த நிமிடத்திலிருந்து கூலி. இரண்டு, சேவைமூப்பு எண் நிறுவனத்தோடு போனாலும், அனுபவ ஆண்டுகளுக்குரிய சம்பளம் விமானியோடு செல்லவேண்டும். மூன்று, யாருடைய பெயரில் சீட்டு விற்கப்படுகிறதோ அவரே அந்த விமானிகளின் சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இதனால் கட்டணம் உயரும் என்பார்கள். உயரட்டும். இத்தனை காலமும் அந்த மலிவின் வித்தியாசத்தைச் செலுத்தியவர் வலது ஆசனத்தில் இருந்தவர்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 76 ஆசனக் கோட்டைப் போட்டவர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்து நீங்களுந்தான். கோட்டுக்கு மேலே இருப்பவரின் சம்பளத்தைக் காக்கக் கோட்டுக்குக் கீழே இருப்பவரை விட்டுக்கொடுத்துவிட்டு, 'சகோதரத்துவம்' பற்றிப் பேசுவது பொருந்தாது.

புலம்பெயர்ந்து வாழும் பெற்றோரே, பிள்ளையின் கனவைத் தடுக்காதீர்கள். ஆனால் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், முதலாண்டுச் சம்பளம் எவ்வளவு, கப்டனாக எத்தனை ஆண்டு, நிறுவனம் மூடப்பட்டால் என்ன நடக்கும் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 'உன் முறை வரும்' என்று பதில் வந்தால், எந்த ஆண்டு, எந்தத் திகதி என்று எழுத்தில் கேளுங்கள்.